அம்மாவின் பேச்சுக்கு மேலே ஒரு பாட்டு

ஒரு கலியாண வீடியோ இவ்வளவு இடம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. மகள் பழைய கசெற்றுகளை கொம்பியூட்டரில் ஏற்றித் தந்துவிட்டுப் போய்விட்டாள். அக்காவின் கலியாணம் மட்டும் டிஸ்கில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. சுருக்கி எம்.பி.4 ஆக்கினால் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு போனிலேயே அனுப்பலாமாம். ஒரு கிழமையாக அந்த வேலைதான். மீன் காய்ந்து கருவாடாவது மாதிரி ஒவ்வொரு துண்டும் வற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணாவுக்குப் படம்கூடப் பெரிதில்லை. "அம்மாவின்ர குரல் ஒரு சொல்லெண்டாலும் கிடக்கோ பார். எனக்கு மறந்து போச்சடா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அம்மா போய் எவ்வளவோ காலம். அவர் பேசிய ஒரே வீடியோ இதுதான். அதிலும் ஒரு சிக்கல்.

சிக்கலின் பெயர் றொபேட் அண்ணை. கொட்டாஞ்சேனைக்காரர். வெள்ளவத்தைக் கலியாணங்களுக்கு கெமராவை பாக்கில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவார். சண்டைக் காலம். சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் "மே மொகத?", இது என்ன, என்று சிங்களத்தில் கேட்டால், குண்டில்லை கெமராதான் என்று காட்ட அதை ஓடவிட்டே ஆகவேண்டும். அதனால் அவர் எடுத்த பாதிக் கலியாணங்கள் மணல்மூட்டையும் ஒரு சோடி பூட்ஸுமாகத்தான் தொடங்கும். அக்காவுடையதும் அப்படித்தான். அவருடைய லைற்றின் சூட்டில் மாப்பிள்ளையின் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது தனிக்கதை.

பூட்ஸை வெட்ட மறப்பாரே தவிர பாட்டுப் போட மறக்கமாட்டார். தாலி கட்டினாலும் பாட்டு, பந்தியில் சாம்பார் ஊற்றினாலும் பாட்டு. "சும்மா இரைச்சலைக் கேட்டு என்ன செய்யிற, தம்பி?" என்பார்.

அந்த நாட்களில் எங்கள் கலியாணங்கள் பாதி வெளிநாட்டுக்காகவே நடந்தன. வர முடியாத பிள்ளைக்கு எல்லோரும் கெமராவைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லவேண்டும். அண்ணாவின் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. வந்தால் திரும்பிப் போக முடியாது. வந்து இறங்கும் தமிழ்ப் பெடியனை வீடு வர விடுவார்களா என்பதும் நிச்சயமில்லை.

மாமா பேசினார், பாட்டு. சித்தி கண்ணைத் துடைத்தார், பாட்டு. கடைசியாக, எல்லோரும் மணமக்களை வழியனுப்ப வாசலுக்குப் போன பிறகு, வெறும் கலியாண ஹோலில் அம்மா தனியாக நின்று நீளமாக ஏதோ சொல்கிறார். வாய் மட்டும் அசைகிறது. மேலே ஒரு துள்ளல் பாட்டு! நான் அப்போது வெளியே வான் வண்டியில் சட்டி பானை ஏற்றிக்கொண்டிருந்தேன். கசெற் வந்து போட்டுப் பார்த்த அன்று வீடே றொபேட் அண்ணையைத் திட்டித் தீர்த்தது. மூலக் கசெற்றைக் கேட்டால், அதன்மேல் அடுத்த கலியாணம் ஏறிவிட்டதாம். அம்மா மட்டும் "விடுங்கோ, பாவம்" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

பாட்டு முடிய ஒரு ரோசாப்பூவும் 'நன்றி'யும் வரும். வாடகை வீடியோ டெக் அல்லவா, உடனே நிறுத்தி ரீவைண்ட் பண்ணிவிடுவோம். இந்த முறை, சுருக்கியதில் வால் வெட்டுப்பட்டதா என்று பார்க்கக் கடைசிவரை ஓடவிட்டேன். நன்றி போய்த் திரை கறுத்தது. கறுப்புக்குள்ளிருந்து அம்மா பேசினார்.

"தம்பி றொபேட், மனம் கேக்காமல் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். அதுக்கு மேல பாட்டொண்டு போட்டு விடும். கேட்டானெண்டா வெளிக்கிட்டு வந்திடுவான்."

"சரி அம்மா" என்று றொபேட் அண்ணையின் குரல். அவ்வளவுதான்.

அந்தத் துண்டைச் சுருக்க மனம் வரவில்லை. அப்படியே அனுப்பினேன். அடுத்த நாள் அண்ணா போன் எடுத்தான். "அந்தாள் செய்தது சரிதான்டா. கேட்டிருந்தா வந்துதான் இருப்பன்." பிறகு, "அம்மா என்னடா சொன்னவ?" என்று கேட்டான்.

எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஹோல் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. சோதனைச்சாவடி நின்ற சந்தியில் ஜூஸ் கடை. அம்மா சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் றொபேட் அண்ணை. கடைசிக் காலத்தில் ஹெந்தளையில் மகளுடன் இருந்து அவரும் காலமாகிவிட்டார். கண்ட இடமெல்லாம் நாங்கள் அந்தப் பாட்டைச் சொல்லி அவரைத் திட்டியிருக்கிறோம். மனிதர் சிரித்துக்கொண்டே கேட்டாரே தவிர, ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.