உலர்ந்திருக்க வேண்டிய குண்டு

நோரீனின் விரல்கள் உப்புத்தாளை நான்காக மடித்துப் புதிய எஃகுக் குண்டைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தன. காரின் பின்னால், கேரவான் என்ற சக்கர வீட்டைக் கோத்து இழுக்கும் டோபார் இரும்புச் சட்டத்தின் நுனியில் உட்காரப்போகிற குண்டு அது. கறுப்புப் பெயிண்ட் பொடியாக உதிர்ந்தது. இடது கட்டைவிரலில் பாதி நகம் இல்லை. எங்கே இன்னும் வழவழப்பு மிச்சமிருக்கிறது என்று அந்த விரல்தான் தடவித் தடவிக் கண்டுபிடித்தது.

"பழசைப் புதுசாக்கி விக்கிறவங்களைப் பாத்திருக்கேன். புதுசைப் பழசாக்குறதை இப்பத்தான் பாக்குறேன், அம்மணி."

சொன்னவர் வில்ஃப் மார்ஃப்லீட். காலை எட்டு மணியிலிருந்து மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பக்கம் கீறிய பழைய டென்னிஸ் பந்து. கேரவான் இல்லாத நேரத்தில் குண்டின்மேல் மாட்டி வைப்பதற்கு. அந்த லிங்கன்ஷயர் கடற்கரைக் கேரவான் முகாமில் மூன்று காருக்கு ஒன்றில் அப்படிப் பந்து இருக்கும்.

"பெயிண்ட் இருந்தா பிடி வழுக்கும்" என்றாள் நோரீன் ஸ்கெல்டன், தலையைத் தூக்காமல். "பெட்டியைக் காட்டினேன். முத்திரையையும் காட்டினேன்."

"பெட்டி புதுசு. அது தெரியுது."

நோரீன் உப்புத்தாளைத் திருப்பி மடித்தாள். வில்ஃப் முப்பத்தோரு வருஷம் ரயில்வே சிக்னல் அறையில் இருந்தவர். மணி அடித்தாலும் நம்பாமல் ஜன்னலைத் திறந்து ரயிலைக் கண்ணால் பார்த்தவர் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நோரீனும் எளிதில் நம்புகிறவள் அல்ல. முதலில் அவள் ஊர் ஊராகப் போகும் நூலக வண்டியை ஓட்டினாள். அது பழுதானபோது கையேட்டைப் பிரித்து வைத்துத் தானே பார்க்க ஆரம்பித்ததுதான் டோபார் பொருத்தி வண்டிப் பழுது பார்க்கும் இந்தத் தொழில். இரண்டாவது வருஷம் அவள் பொருத்திய ஒரு டோபாரிலிருந்து உருளைக்கிழங்கு வண்டி கழன்று வாய்க்காலில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. நட்டை இறுக்கினோமா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை நினைவில்லை. அன்றிலிருந்து இறுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுகிறாள். கோடு இல்லாத நட்டைத் தன் கை இறுக்கியதாகவே அவள் எண்ணுவதில்லை.

வில்ஃபின் கேரவான் அவளுக்கு ஏழு மாதத் தலைவலி. அதன் பிடிக்குள் இரண்டு உராய்வுப் பட்டைகள் குண்டை இறுக்கிப் பிடித்து, வண்டி ஆடாமல் காக்க வேண்டும். அதற்குக் குண்டு உலர்ந்திருக்க வேண்டும். அக்டோபரில் புதுப் பட்டை போட்டாள். மார்ச்சில் மறுபடியும். இரண்டு தடவையும் சாலையில் கேரவான் நாய் வாலை ஆட்டுவதுபோல் ஆடியது. இப்போது குண்டே அரை மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது. பட்டையைக் கழற்றினால் கிரீஸ். கிரீஸில் கடற்கரை மணல். இரண்டும் சேர்ந்தால் எஃகைக்கூட அரைத்துவிடும்.

நோரீன் மட்டமான சாமான் போடுகிறாள் என்று வில்ஃப் முகாம் முழுக்கச் சொல்லிவிட்டார். முகாம் மேலாளர் பாலின் காலையிலேயே வந்து, "இன்னிக்கு இது தீரலைன்னா டவுன்லேருந்து வேற ஆளை வரவழைக்கிறேன், நோரீன். எனக்கும் வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். எண்பது கேரவான். நோரீனின் பாதி வருஷத்துப் பிழைப்பு.

கிழவர் ரகசியமாகக் கிரீஸ் தடவுகிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரயில்வேக்காரர்கள் எண்ணெய் போடாமல் எதையும் விடமாட்டார்கள்.

போல்ட்டுகளும் புதியவை. குண்டை வைத்து இரண்டையும் முறுக்குமானிச் சாவியால் 'டக்' என்ற சத்தம் வரும்வரை இறுக்கினாள். மஞ்சள் கோடு போட்டாள். பிடிக்குள் புதுப் பட்டைகளை மாட்டினாள். பிறகு பிளாஸ்கிலிருந்து அவருக்கும் ஒரு கோப்பை டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"இதுலயும் பழைய இலையா?" என்றார்.

"நேத்து நீங்க மிச்சம் வெச்சது, பெரியவரே."

அவர் சிரிக்காமல் குடித்தார். கோப்பை திரும்பி வந்தபோது அதன் காதில் கறுப்பாக ஒரு விரல் ரேகை இருந்தது. நோரீன் அதைத் துடைத்து முகர்ந்து பார்த்தாள். பட்டைகளில் வந்த அதே வாடை.

"மாட்டிக்கிட்டீங்க, வில்ஃப். டப்பா எங்க இருக்கு?"

"என்ன டப்பா?"

"கிரீஸ் டப்பா. கைல இருக்கு பாருங்க."

வில்ஃப் கையைப் பார்த்தார். நிஜமாகவே குழம்பினார். "இந்தக் கார் வாங்குன நாள்லேருந்து நான் கிரீஸைத் தொடல. நீதான தொடக்கூடாதுன்ன? வேணும்னா காரைச் சோதிச்சுக்க. நீதான் துடைச்ச கையோட கோப்பையைக் குடுத்திருப்ப."

பேசிக்கொண்டே அவர் பந்தை மறு கைக்கு மாற்றினார். பந்தைப் பிடித்திருந்த கையில் மூன்று விரல்கள் கறுத்திருந்தன.

நோரீன் கையை நீட்டினாள். "அதைக் குடுங்க."

"எதுக்கு? பந்து."

"குடுங்க."

கீறலில் இரண்டு கட்டைவிரலையும் விட்டு, கோழியின் இரைப்பையைப் புரட்டுவதுபோல் பந்தை உள்வெளியாகப் புரட்டினாள். உள்ளே விரல்கனத்துக்குக் கறுத்த கிரீஸ், நறநறவென்று மணலோடு.

"இது எந்தக் காலத்துப் பந்து?"

வில்ஃப் குனிந்து பந்துக்குள் எட்டிப் பார்த்தார். "பழைய காரோடது. அப்ப பிடில பட்டையெல்லாம் கிடையாது, குண்டுக்கு வாரா வாரம் கிரீஸ் போடணும். இருபது வருஷம் போட்டேன்." தொண்டையைச் செருமினார். "இந்தக் கார் குண்டுக்கு மூடி இல்லாம வந்துச்சு. பந்து நல்லாத்தான இருந்துச்சு."

"நான் துடைச்சுட்டுப் போனதும் இதை மாட்டுவீங்க."

"மாட்டாம? மழை பெய்யுமே."

ஏழு மாதமாக எதிரிலேயே இருந்த பந்து. அவளும்தான் ஒரு நாளும் உள்ளே பார்க்கவில்லை. குண்டை மறுபடி ஸ்பிரிட்டால் துடைத்தாள். கேரவானைக் கோத்து, பிடியின் கைப்பிடியை அழுத்தி, வண்டியைத் தோளால் பக்கவாட்டில் தள்ளினாள். அசையவில்லை. பிறகு கழற்றிவிட்டு, தன் வேனிலிருந்து ஒரு புதுப் பிளாஸ்டிக் மூடியை எடுத்து வந்தாள்.

"பாலின்கிட்ட நானே பேசுறேன்" என்றார் வில்ஃப்.

"என்னன்னு?"

"குண்டு புதுசுதான்னு."

"பந்தைப் பத்தி?"

"அது என் சொந்த விஷயம்."

நோரீன் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பந்தைக் கந்தல் துணியில் சுற்றித் தன் மேற்சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள்.

"அப்ப இது என்கிட்டயே இருக்கட்டும்."

மூடியைக் கொடுத்தாள். வில்ஃப் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மூடியின் உட்புறத்தைத் துடைத்தார். கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குண்டையும் ஒரு தடவை துடைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றுமில்லை. குனிந்து மஞ்சள் கோடுகளை எண்ணினார், ஒன்று, இரண்டு. மூடியை அழுத்தி மாட்டினார். அதற்குப் பிறகுதான் அவளிடமிருந்த கார்ச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"கையைத் துடைங்க முதல்ல" என்றாள் நோரீன். அவர் துடைத்த பிறகு சாவியைக் கொடுத்தாள்.