மூக்கர் கேட்ட சோப்புத் தண்ணி

எங்கள் தெருவில் கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பவருக்கு மூக்கர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கசிவு எங்கே என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். மற்றவர்கள் குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பார்கள். "அதெல்லாம் மூக்கில்லாதவனுக்கு" என்பார் இவர்.

சென்ற வாரம் என் அடுப்பைப் பார்க்க வந்தார். உள்ளே நுழைந்ததும், "கொஞ்சம் சோப்புத் தண்ணி குடுங்கக்கா" என்றார்.

கேஸ் வாடை வாசல்வரை அடித்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

நோயாளிகளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வது என் தொழில். இவருடைய அப்பாவைக் கடைசிவரை பார்த்தது நான்தான். நடுக்குவாதம். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் என் கை வேண்டியிருந்தது அவருக்கு.

"மூக்கு என்னாச்சு தம்பி?"

"சளிக்கா."

எதிர்வீட்டிலிருந்து வந்து நின்ற அவர் மனைவி சிரித்தாள். "சளியாம் சளி. ஊருக்கே மோப்பம் பிடிக்கிற மனுஷன், நேத்து கெட்டுப்போன பாலைக் குடிச்சிட்டு ஏப்பம் விட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. அவள் போகும்வரை நுரையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பேப்பர்ல பாத்தேன்க்கா. கை நடுங்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே சில பேருக்கு மோப்பம் போயிடுதாம். அதை வச்சே நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியுமான்னு ஆராய்ச்சி பண்றாங்களாம்."

"மோப்பம் போனவங்க எல்லாருக்கும் அந்த நோய் வராது. அதையும் போட்டிருப்பான், நீ அதுக்குள்ள பேப்பரை மடிச்சிருப்ப. போய் டாக்டர்கிட்ட காட்டு."

"காட்டினா சொல்லிடுவாங்களேக்கா."

இணைப்பில் குமிழி கிளம்பியது. வாஷரை மாற்றினார். கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டையும் என் முன்னால் நீட்டினார்.

"அப்பாவப் பாத்தவங்க நீங்க. நடுங்குதா, சொல்லுங்க."

ஜன்னல் பக்கம் திருப்பி, விரல் விரலாகப் பார்த்தேன்.

"இல்ல."

உண்மையைத்தான் சொன்னேன். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையை முதுகில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அவர் அப்பாவுக்கும் முதலில் நடுக்கம் வரவில்லை. நடக்கும்போது ஒரு கை வீசுவது நின்றுபோனது. நடுக்கம் அதற்கப்புறம்தான். அது மகனுக்குத் தெரியாது.

வாசலில் நின்று பார்த்தேன். வலது கை வீசியது. இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டே போனது.

தோள் வலியாகவும் இருக்கலாம். அதுவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கதவைப் பூட்டிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"தம்பி, நில்லு. நானும் வரேன்."

"எங்கக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவர் முகம் வெளிறியது. "நடுங்கலைன்னீங்களே."

"நடுங்கலதான். நட."