தப்பாகச் சொன்னவருக்குக் கயிறு

சனிக்கிழமை காலை எட்டாம் வகுப்புத் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் அழைத்தார். நம் பி.டி. மாஸ்டர் ஏழுமலைக்கு நெஞ்சுவலி, செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார் என்றார். சிவப்புப் பேனாவை மூடக்கூடத் தோன்றவில்லை.

செய்யூர்ப் பக்கத்து எங்கள் பள்ளியில் அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய விசில் நினைவிருக்கும். எனக்கு அவருடைய கயிறுதான். அடிக்கொரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு. நாலேகாலுக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கூட்டி, "மொதல்ல கண்ணால சொல்லு, அப்பால கயிறு போடலாம்" என்பார். மரமோ கிணறோ, பார்த்த மாத்திரத்தில் ஆளுக்கொரு அளவு சொல்ல வேண்டும். பிறகு அளப்பார்கள். எல்லாரையும்விடத் தப்பாகச் சொன்னவருக்கே மறுநாள் அளக்கும் உரிமை. கணக்கு டீச்சரான எனக்கு ஒரே எரிச்சல். விளையாட்டு மாஸ்டருக்குக் கணக்கில் என்ன வேலை என்று அவர் காதுபடவே கேட்டிருக்கிறேன்.

கணக்கு வகுப்பு வந்தாலே வயிற்றுவலி என்று சுருண்டுகொள்ளும் எட்டாம் வகுப்பு கவிதா, பள்ளிக் கிணற்றின் சுற்றளவு அறுபது அடி என்று சொல்லி ஒருநாள் கயிற்றை வாங்கிவிட்டாள். மறுநாள், தரையில் நட்ட ஒரு குச்சியின் நிழலையும் சவுக்கு மரத்தின் நிழலையும் அளந்து, மரத்தின் உயரத்தைத் தானே கண்டுபிடித்தாள். அந்தத் தைரியத்தில் என் வகுப்பில் முதன்முறையாகக் கை தூக்கி, "கண்ணால சொல்லட்டா டீச்சர்?" என்றாள். கணக்கு என்றால் குத்துமதிப்பு இல்லை என்று உட்காரவைத்தேன். அடுத்த நாள் மறுபடி வயிற்றுவலி.

இதைக் கேள்விப்பட்ட ஏழுமலை சத்தம் போடவில்லை. "நீங்க சொல்லிக் குடுக்கறது கணக்குதான் டீச்சர். அந்தப் பொண்ணு கத்துக்கினு கீறது பயத்த" என்றார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதன்பின் நானே கவிதாவிடம் போய், கண்ணால் சொல்லம்மா என்றேன்.

அவர் காரியம் முடிந்த மறுநாள், அந்த மாலை நேரத்தைப் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸுக்கு ஒதுக்கிவிடலாம் என்றார் தலைமையாசிரியர். முடியாது, இனி நான் நடத்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று மாலை வேப்பமரத்தின் சுற்றளவு. நானும் சொன்னேன், பதினோரு அடி. கயிறு ஏழாம் முடிச்சிலேயே மரத்தை முழுதாகச் சுற்றிவிட்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கவிதா கயிற்றைச் சுற்றி என் கையில் வைத்தாள். "நாளிக்கு நீங்கதான் டீச்சர்."

ஏழுமலை சார், உங்கள் கயிறு இப்போது என்னிடம் இருக்கிறது. தப்பாகச் சொல்லித்தான் வாங்கினேன்.