வகுப்பு முடிந்த பிறகும் போகாத மாணவி

இன்று ஆன்லைன் வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். திரையில் ஒரு பெயர் மட்டும் நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்துச் சத்தம் போட்டேன்.

"கிளாஸ் முடிஞ்சிருச்சு லா, கவிதா!"

"தெரியும் மிஸ். ஹவுஸ்மேட் எல்லாம் லாக்டவுனுக்கு முன்னாடியே ஊருக்குப் போயிட்டாங்க. நான் பந்திங்ல இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்புறதுக்குள்ள ரோட்பிளாக் போட்டுட்டாங்க. இங்க பி.ஜே. வாடகை வீட்டுல நான் மட்டும்தான்."

"நான் சமைக்கப் போகணுமேம்மா."

"மைக்க மட்டும் ஆஃப் பண்ணாதீங்க மிஸ். வீட்டுச் சத்தம் கேட்டா போதும்."

மடிக்கணினியை அடுப்படிக்கே தூக்கிப் போனேன். கடுகு வெடித்தபோது அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. ரசத்தைக் கலக்கிக்கொண்டே நின்றேன்.

நாளை வகுப்பில்லை. ஆனாலும் அவளுக்கு லிங்க் அனுப்பப் போகிறேன். பாடத் தலைப்பு என்ன போடலாம், சொல்லுங்கள்.