பாலாடையும் டீமேக்கர் ஐயாவின் மூக்கும்

என் சமையலறை அலமாரியில் ஒரு பித்தளைப் பாலாடை இருக்கிறது. மருத்துவச்சி வீட்டில் குழந்தைக்குப் பால் புகட்டும் கிண்ணம் இருப்பதில் என்ன அதிசயம் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் எந்தக் குழந்தையும் ஞாபகத்துக்கு வராது. நரைத்த மீசையோடு தலையைச் சாய்த்து நிற்கும் ஒரு பெரிய மனிதரின் மூக்குத்தான் வரும்.

ஐம்பதுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டில், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவச்சி; அந்த ஐயா அங்கே டீமேக்கர். அரைத்துப் பரப்பிய கொழுந்தில் பச்சை வாடை போய்ப் பழ வாசனை ஏறும் பதத்தை மூக்கால் அறிந்து, அதை அடுப்புக்கு அனுப்புவது அவர் வேலை. அந்த வருஷக் குளிரில் விடிந்தால் போதும், அவருக்கு இரண்டு மூக்கும் அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே இரண்டு முறை பதம் தவறி, இன்னொரு தரம் தப்பினால் வேறு ஆளைப் போடுவேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியாகிவிட்டது. டிஸ்பென்சரித் தைலத்தைத் தடவினாலோ கொழுந்தெல்லாம் தைலமாக மணக்கிறது என்று மனுஷர் கண்கலங்கி நின்றார்.

ஆண்களுக்கு வைத்தியம் சொல்ல எனக்கு அனுமதியில்லை. தெரிந்தால் என் வேலை போகும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. புதுப் பாலாடை ஒன்றை அவர் கையில் கொடுத்து, மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது, நன்றாகக் கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஆறவிட வேண்டும், பெரிய கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, குனிந்து தலையைச் சாய்த்து வாயால் மூச்சு விட்டபடி மேல் மூக்கில் மெதுவாக ஊற்றினால் கீழ் மூக்கு வழியாக வந்துவிடும், பிறகு பலமாகச் சிந்தக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார், ஒன்றைத் தவிர. ஃபேக்டரியில் ருசி பார்க்க ஊற்றி வைத்த சாயத்தண்ணி, அதுதான் பால் சேர்க்காத தேநீர், ஆறிக் கிடந்திருக்கிறது. அதில் உப்பைப் போட்டு மூக்கில் விட்டுக்கொண்டார். உலகத்தில் எந்த டாக்டரும் சொல்லாத வைத்தியம்! எரிச்சலில் கண்ணீர் கொட்ட, போகிற பக்கமெல்லாம் தேயிலை மணத்திருக்கிறது. பதம் வந்துவிட்டது என்று பச்சைக் கொழுந்தை அடுப்புக்கு அனுப்பிவிட்டார்.

துரை ருசி பார்த்துத் துப்பினார் என்று கேள்விப்பட்டதும் உண்மையைச் சொல்லிவிட ஓடினேன். ஐயா என்னை வாசலிலேயே கண்ணால் தடுத்தார். மூக்குக்கு ஏதோ வைத்தியம் பார்த்தேன் என்று மட்டும் அவர் சொல்லியிருக்க, என்ன வைத்தியம், யார் சொன்னது என்று துரை குடைந்து குடைந்து கேட்டும், "மூக்கு என்னோடதுங்க தொரே, தப்பும் என்னோடதுதான்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. துரை அந்த வாரம் முடியும் வரை தவணை கொடுத்தார்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஏங்க ஐயா, தேத்தண்ணியையா மூக்குல ஊத்துவாங்க?" என்றேன்.

"கொதிச்ச தண்ணின்னுதானேம்மா சொன்னீங்க, இதும் கொதிச்சதுதானே" என்றார், பாவமாக.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் தண்ணீரை நானே கொதிக்க வைத்து, ஆறவைத்து, உப்புப் போட்டுக் கொண்டுபோனேன். பாலாடையைக் கையில் வாங்கும்போதெல்லாம் அவர் மீசைக்குள் சிரித்தபடி, "வெறுந்தண்ணிதானேம்மா?" என்று கேட்பார். நாலாம் நாள் கொழுந்தின் மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. "வருதும்மா, வாசன வருது" என்றார். அவர் வேலை தப்பிப் பிழைத்தது. சில வருஷம் கழித்து இந்தியாவுக்குக் கப்பலேறப் போனபோது, பாலாடையைத் துலக்கிப் பளபளவென்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

இப்போது எனக்கும் வயதாகி, காலையில் மூக்கு அடைக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறும்வரை காத்திருக்கிறேன். என் வேலையைக் காப்பாற்றத் தன் வேலையைப் பணயம் வைத்த மனுஷருக்கு, ஒரு நன்றிகூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாலாடையைத் தூக்கி ஊற்றுமுன், யாருமில்லாத சமையலறையில் தினமும் சொல்கிறேன்: "வெறுந்தண்ணிதாங்க ஐயா."