கல்கிசையில் முதலாவதாக வந்து நான்காவதாக ஆன பயணம்

கொழும்பை அடுத்த கல்கிசைக் கடலில் ஒரு மைல் நீந்தி முதலாவதாக வந்தவன் நான். போட்டிக் கமிட்டியார் என்னை நான்காவது என்று எழுதினார்கள். இது அநியாயம். சென்ற மாசியில் நடந்தது. இன்றுவரை யாரும் திருத்தவில்லை. மற்றபடி பயணம் வெகு நன்றாக இருந்தது. கொழும்புக்கு நீந்தப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. காரைக்குடிப் பக்கம் மானகிரியில் விவசாயம். நீச்சலை யாரும் கற்றுத் தரவில்லை. கிணற்றில் தவறி விழுந்தேன், நானே ஏறி வந்தேன், மறுநாள் நானே குதித்தேன். கொழும்பில் அரிசிக் கடையில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி கருப்பையா, அங்கே கடலில் போட்டி வைக்கிறார்கள், வயது கேட்பதில்லை என்று சொல்லியனுப்பினான். கிளம்பிவிட்டேன்.

காரைக்குடிக்கு ரயில் வந்துவிட்டது பெரிய சௌகரியம். மானாமதுரையில் வண்டி மாற வேண்டும். கடல் தாண்டுமுன் மண்டபம் முகாமில் உடம்பைப் பரிசோதிப்பார்கள். அங்கே கம்பவுண்டர் கேட்டார்: "கொழும்புக்கு எதுக்குப் போறீக?"

"நீந்துறதுக்கு."

"ஏன் பெரியவரே, கப்பல் ஓடுதே?"

வரிசையே சிரித்தது. நானும்தான்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் இருபத்திரண்டு மைல். கப்பலில் இரண்டு மணி நேரம். மேல்தட்டில் உட்காருங்கள், கீழே எண்ணெய் நாற்றம் குமட்டும். இரவு ரயில் ஏறினால் விடிந்ததும் கொழும்பு. போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்க் கடலில் இறங்கிப் பழகிவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் அக்குளை அறுத்துவிடும். நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பயமில்லை.

படகிலிருந்து குதித்து, கரையை ஒட்டியே நீந்தி, இரண்டு தோணிகளுக்கு நடுவே கட்டிய கயிற்றை அடைய வேண்டும். விதிகளை இங்கிலீஷில் வாசித்தார்கள். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த கருப்பையாவைக் கேட்டுவரச் சொன்னேன்.

"கயிறு வரைக்கும் போகணுமாம் மச்சான். அம்புட்டுத்தான்."

போனேன். வாலிபர்கள் ஆரம்பத்தில் தண்ணீரை அடித்து நொறுக்கினார்கள். பாதி தூரத்தில் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கயிறு வந்தபோது எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

எங்கள் ஊர்க் கண்மாயில் போட்டி என்றால், அக்கரை மடையில் முங்கி அடிமண் ஒரு பிடி அள்ளி வர வேண்டும். மண்ணில்லாமல் கரையேறியவனை வென்றவன் என்று சொல்ல மாட்டோம். ஆகவே கயிற்றடியில் முங்கினேன். இரண்டு ஆள் ஆழம். கைநிறைய மணலோடு அந்தப் பக்கம் எழுந்து கையை உயர்த்தினேன்.

கரையில் கருப்பையா தலையில் அடித்துக்கொண்டான். "மச்சான், கயித்தத் தொடுங்க!"

"மண்ணைப் பாருடா!"

"மண்ணு கிடக்குது! இங்குட்டுத் திரும்பிக் கயித்தத் தொடுங்க!"

நான் திரும்புவதற்குள் மூன்று பேர் தொட்டுவிட்டார்கள். தோணியில் இருந்த கமிட்டித் துரை என் கையைப் பார்த்து, எதையாவது தொலைத்துவிட்டேனா என்று ஆள் விட்டுக் கேட்டார்.

முதல் பரிசு வாங்கிய யாழ்ப்பாணத்துப் பையன் கமிட்டியிடமே போய்ச் சொன்னான்: "ஐயாதான் முன்னுக்கு வந்தவர். நான் அவரின்ர காலைப் பார்த்துக்கொண்டுதான் வந்தனான்." கயிறு என்றால் கயிறுதான் என்று சொல்லிவிட்டார்கள். அவன் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தான். நல்ல பிள்ளை.

ஆகவே, தமிழர் நீந்தும் போட்டியில் விதியைத் தமிழிலும் வாசிக்கக் கமிட்டியார் ஏற்பாடு செய்ய வேண்டும். விதி கேட்கப் போகிற மைத்துனர்கள் கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு வர வேண்டும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் முதலில் கயிற்றைத் தொட்டுவிட்டு, பிறகு எவ்வளவு மண் வேண்டுமானாலும் அள்ளலாம். பரிசுப் பலகையில் என் பெயரை முதலாவதாக மாற்றி எழுத வேண்டியது கமிட்டித் தலைவரின் பொறுப்பு. எழுதும்வரை ஒவ்வொரு மாசியும் வந்து நீந்துவேன். இனிமேல் வயது கேட்கலாம் என்று அவர்களுக்கு ஏதாவது யோசனை இருந்தால், அதையும் கைவிட வேண்டும்.