காற்றுக்குப் பின்பக்கம் காட்டிய சேவல்

ஜெர்மனியில் ஹானாவ் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. அங்கே ஃபோல்க்மார் குடும்பத்தைக் கலைஞர் வீடு என்றுதான் சொல்வோம். அப்பா எபர்ஹார்ட் பெரிய சிற்பி, அண்ணன் லோதார் ஓவியன். என் சிநேகிதன் ஃபோல்க்மார் மட்டும் பொற்கொல்லன். கல்யாண மோதிரம் செய்து பிழைத்தாலும், ஓய்ந்த நேரத்தில் வெள்ளியில் கையடக்கமான சிற்பங்கள் செய்வான். அப்பா கண்ணுக்கு அவை படவே படாது. விருந்தாளிகள் முன்னாலேயே, "இவன் நம்ம வீட்டுத் தட்டான்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் சிரித்து மழுப்புவான். ஒரு தடவையாவது அப்பா வாயால் சிற்பி என்று கேட்டுவிட வேண்டும் என்று ஏங்கியவன் அவன், எனக்குத் தெரியாதா?

போரில் எரிந்த தேவாலயக் கோபுரத்தைத் திரும்பக் கட்டியபோது, காற்றின் திசை காட்ட உச்சியில் வைக்கும் காற்றுச்சேவல் வேலை அவனுக்கு வந்தது. குளிர்காலம் முழுக்கச் செப்புத் தகட்டைத் தட்டினான். மார்பில் இறகு இறகாக எழுப்பித் தங்கமுலாம் பூசினான். வழக்கப்படி சேவலை வீடு வீடாகத் தூக்கிப்போனோம். ஊரே மெச்சியது. அவன் அப்பா மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூரைக்காரனான நான்தான் ஏறி மாட்டினேன். உச்சியில் நின்று ஆப்பிள் ஒயின் குடித்து, உடைந்தால் ராசி என்று கோப்பையைக் கீழே எறிந்தேன். நன்றாகவே உடைந்தது. அப்புறம் காற்று வீசியது. காற்றைப் பார்த்து நிற்க வேண்டிய சேவல் மெல்லத் திரும்பி அதற்குப் பின்பக்கத்தைக் காட்டியது!

"என்னடா தட்டா, உன் சேவல் மழைக்குப் பயந்துக்கிச்சா?" என்று லோதார் கத்த, கீழே ஒரே சிரிப்பு.

நகை பார்க்கிற கண் செய்த தப்பு அது. அழகையெல்லாம் முன்னால் குவித்துவிட்டான். வால் பெரிதாக இருந்தால்தானே காற்று அதைப் பின்னால் தள்ளும்?

சேவலை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "வாலைப் பெருசாக்கேன்டா."

"கனம் கூடினா கம்பி தாங்காது. மாரைத்தான் வெட்டணும்." கத்தரியை எடுத்தான்.

வாசலில் அவன் அப்பா நின்றிருந்தார். "டேய், வெட்டாதே."

"வெட்டலேன்னா காத்தைப் பார்த்து நிக்காதுப்பா."

"தெரியும்டா. இருந்தாலும்..." கிழவர் அந்த இறகுகளைத் தடவினார்.

வெட்டினான். மறுநாள் சேவல் ஒழுங்காகக் காற்றைப் பார்த்தது, பட்டினி கிடந்த கோழி மாதிரி மார்பு ஒட்டிப்போய். வெட்டிய துண்டைத்தான் அதற்குப் பிறகு காணவில்லை.

கொஞ்ச நாள் கழித்து எபர்ஹார்ட் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று போனேன். தன் வேலையைத் தவிர எதையும் மாட்டாத அவருடைய சுவரில் அந்த இறகுகள் மின்னின. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வந்த யாரோ அதைத் தொட்டுப் பார்த்து, "யார் செஞ்சது இது?" என்று கேட்டார்.

"நம்ம வீட்டுச் சிற்பி," என்றார் கிழவர்.

ஏணியை அப்படியே போட்டுவிட்டு ஃபோல்க்மாரிடம் ஓடினேன்.